வாசகர் கேள்வி பதில்: நம்ம ஊரு கவர்மெண்ட் காலேஜ்

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி வெள்ளாமை பண்றோம். பொண்ணு அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருக்கா, பி.காம் படிக்கணும்ங்கறா. கவர்மெண்ட் காலேஜ்ல கிளாஸே நடக்காது, பிரைவேட்ல போட்டா வாசலுக்கே பஸ் வரும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. எதுல சேக்கறதுங்க?

பதில்: அண்ணே, தயங்காம கவர்மெண்ட் காலேஜ்ல சேருங்க. ரெண்டுமே சேலம் பெரியார் யுனிவர்சிட்டிக்கு கீழ இருக்கற காலேஜ்னா (தானே கொஸ்டின் பேப்பர் போட்டுக்கற தன்னாட்சி காலேஜ்னா கதை வேற) கொஸ்டின் பேப்பரும் ஒண்ணுதான், கைக்கு வர்ற டிகிரியும் ஒண்ணுதான். அரசு கல்லூரியில டியூஷன் ஃபீஸ் கிடையாது, ஸ்பெஷல் ஃபீஸ், எக்ஸாம் ஃபீஸ்னு கொஞ்சம்தான் கட்டணும். பாப்பா ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவ பேங்க் அக்கவுண்ட்டுக்கே வரும், டிகிரி முடியற வரைக்கும். தக்காளி விலை விழுந்த மாசத்துல கூட அந்தப் பணம் வந்துடும், பஸ்ஸுக்கும் புக்குக்கும் உங்ககிட்ட கை நீட்ட வேண்டியதில்ல அவளுக்கு.

கிளாஸ் நடக்காதுங்கறத முழுப் பொய்னு நான் சொல்லமாட்டேன். நான் படிச்சதும் ஒரு அரசு கல்லூரிதான், ஒரு செமஸ்டர்ல ஒரு பேப்பருக்கு பாதி நாள் வரைக்கும் வாத்தியாரே இல்ல, சீனியர் அக்கா ஒருத்தங்க நோட்டை வாங்கி நாங்க ஆறு பேரு மாத்தி மாத்தி எழுதிப் படிச்சோம். இப்பவும் நிறைய இடத்துல கௌரவ விரிவுரையாளர்களை வச்சுதான் வண்டி ஓடுது, நெட்ங்கற காலேஜ் வாத்தியார் தகுதித் தேர்வு, பிஎச்டி எல்லாம் முடிச்சிட்டு குறைஞ்ச சம்பளத்துக்கு வர்றாங்க, ஆனா பாடம் நடத்தறதுல பல பேரு பெர்மனெண்ட் ஆளுங்களுக்கு கொஞ்சமும் சளைச்சவங்க இல்ல, அவங்களுக்கு இந்த அரசு நியாயம் பண்ணணும்னு எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கு. அதனால சேத்துட்டு அப்படியே விட்டுடாதீங்கண்ணே, பேரன்ட்ஸ் மீட்டிங்னு கூப்பிட்டா ஒரு நாள் வேலைய விட்டுட்டு போய் எந்த பேப்பருக்கு வாத்தியாரு இல்லன்னு எழுந்து கேளுங்க. நாலு அப்பாங்க கேட்டா டிபார்ட்மெண்ட்ல பதில் சொல்லித்தான் ஆகணும்.

பாலக்கோட்டுல இருந்து காரிமங்கலம் மகளிர் கல்லூரி கிட்டக்க, தர்மபுரி கலைக் கல்லூரியும் இருக்கு, கிருஷ்ணகிரியில மகளிர் கல்லூரி 1992லயே வந்துடுச்சு. ஒரே ஆன்லைன் அப்ளிகேஷன்ல இதையெல்லாம் சேத்தே போடலாம், மார்க்கும் இட ஒதுக்கீடும் பாத்து ரேங்க் லிஸ்ட் விடுவாங்க. பி.காம்க்கு போட்டி ஜாஸ்தி, அதனால கடைசி நாள் வரைக்கும் இழுக்காதீங்க, சாதிச் சான்றிதழ இப்பவே எடுத்து வைங்க.

கேள்வி: அக்கா, நான் அரூர். பி.ஏ. தமிழ் சீட் கிடைச்சிருக்கு, இதப் படிச்சு என்ன பண்ணப் போறன்னு எல்லாரும் கேக்கறாங்க.

பதில்: தம்பி, நீ ஒண்ணாவதுல இருந்து தமிழ் மீடியமா? அப்படின்னா டிகிரி தகுதி கேக்கற டிஎன்பிஎஸ்சி வேலைகள்ல தமிழ் வழியில படிச்சவங்களுக்குன்னு இருக்கற 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு நீ வருவ. 2020ல சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் டிகிரி மட்டும் தமிழ்ல படிச்சா பத்தாது, ஸ்கூல்ல இருந்தே தமிழ் வழியா இருக்கணும், அதனால ஒவ்வொரு ஸ்கூல்லயும் தமிழ் வழியில படிச்சதுக்கான பிஎஸ்டிஎம் சர்டிபிகேட்ட இப்பவே கேட்டு வாங்கி வை, அப்புறம் ஹெட்மாஸ்டர் மாறிட்டாங்கன்னு அலையணும். பி.எட் போனா வாத்தியார் வேலைக்கும் வழி இருக்கு. சந்தோஷமா சேரு.

கேள்வி: தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில படிச்சிட்டு இப்ப ஓசூர்ல கம்பெனியில இருக்கேன். அந்த காலேஜ்க்கு என்னால என்ன செய்ய முடியும்?

பதில்: இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு பெரிய சந்தோஷங்க. சேலத்துல இருந்து பிரிஞ்சு தர்மபுரி தனி மாவட்டமானது 1965ல, உங்க காலேஜ் வந்ததும் அதே வருஷம்தான், மாவட்டத்துக்கும் காலேஜுக்கும் ஒரே வயசு. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு கம்மியான மாவட்டம் நம்மளுது, 68.54 சதவீதம். சித்தேரியில இருந்தும் வத்தல்மலையில இருந்தும் ஒரு பையன் மலை இறங்கி வந்து டிகிரி வாங்கறான்னா அது இந்த மாதிரி காலேஜ் இருக்கறதாலதான், அந்த வீட்டுல அதுக்கு முன்னாடி காலேஜ் வாசல மிதிச்சவங்களே இருந்திருக்க மாட்டாங்க.

பணம் குடுக்கறது அப்புறம். மொதல்ல ஒரு சனிக்கிழமை லீவு போட்டுட்டு, பிரின்சிபால்கிட்ட முன்கூட்டியே சொல்லிட்டு, மூணாம் வருஷ பசங்ககிட்ட வந்து ரெண்டு மணி நேரம் பேசுங்க. ஓசூர்ல இன்டர்வியூல என்ன கேக்கறாங்க, சம்பளத்துல பிஎஃப் எவ்வளவு பிடிப்பாங்க, கான்ட்ராக்ட் வேலைக்கும் பெர்மனெண்ட்டுக்கும் என்ன வித்தியாசம், ரூம் வாடகை எவ்வளவு, இதெல்லாம் அவங்களுக்கு வீட்டுல சொல்ல ஆளில்ல. அப்புறமா உங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல பேசி, அரியர் எக்ஸாம் ஃபீஸ் கட்ட முடியாம நிக்கற பசங்க யாருன்னு டிபார்ட்மெண்ட்ல கேட்டு, பேரு வெளிய தெரியாம கட்டிவிடுங்க. சில நூறு ரூபா இல்லாம டிகிரிய அப்படியே விட்டுட்டு பெங்களூருக்கு பேக்கரி வேலைக்கு போன பசங்கள நானே பாத்திருக்கேன். ஃபீஸ் கட்ட கடைசி தேதி எப்பன்னு மட்டும் ஆபீஸ்ல முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.