கி.மு. 44ஆம் ஆண்டை அக்காலத்தவர் எந்தப் பெயரால், எந்த எண்ணால் குறித்தார்கள்?

அவர்களில் ஒருவருக்கும் அது 44 அன்று. கிறித்து பிறப்பை முதலாகக் கொண்டு ஆண்டுகளை எண்ணும் முறையை டயோனிசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி வகுத்ததே கி.பி. 525இல்தான், அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணும் வழக்கம் பரவலாவதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் சென்றன.

ரோமின் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட அவ்வாண்டு மார்ச் 15ஆம் நாளையே எடுத்துக்கொள்வோம். ரோமானியர்கள் ஆண்டுக்கு எண் இடுவதைவிட, அவ்வாண்டில் பதவியேற்ற இரு கான்சல்களின் (ரோமின் தலைமை ஆட்சியர்களின்) பெயரால் அதை அழைப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். ஆகவே அது 'சீசர் ஐந்தாம் முறையும் ஆண்டனியும் கான்சல்களாக இருந்த ஆண்டு'. ரோம் நகரம் தோன்றிய 710ஆம் ஆண்டு என்று இன்றைய நூல்கள் தருவது ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கு. அன்றாட ஆவணங்களில் அது அரிது. எகிப்தில் அது கிளியோபாட்ராவின் 8ஆம் ஆட்சியாண்டு (அரசி அப்போது ரோமில் இருந்தார் என்பது வேறு கதை). சீனத்தில் ஹான் பேரரசர் யுவான் சூட்டிய 'சூயுவான்' என்னும் ஆட்சிப் பெயரின் 5ஆம் ஆண்டு.

எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட செலூசிட் மரபின் ஆண்டுக் கணக்கான செலூசிட் சகாப்தம். ஒரே சகாப்தமாயினும், மாசிடோனிய முறையினர் கி.மு. 312 இலையுதிர் காலத்திலிருந்தும், பாபிலோனியர் கி.மு. 311 இளவேனிலிலிருந்தும் எண்ணியதால், அதே மார்ச் 15 முன்னவர்க்கு 268ஆம் ஆண்டிலும் பின்னவர்க்கு 267ஆம் ஆண்டிலும் விழுந்தது. அப்போது பாபிலோனை ஆண்ட ஈரானிய அரச மரபினரான பார்த்தியர் தம் சொந்தச் சகாப்தத்தின் எண்ணையும் சேர்த்ததால், களிமண் பலகைகளில் '203ஆம் ஆண்டு, அதாவது 267ஆம் ஆண்டு' என்னும் பாணியில் இரட்டை எண்கள் வந்தன. ஒலிம்பிக் விளையாட்டுகளை வைத்து நான்கு நான்கு ஆண்டுகளாக எண்ணும் கிரேக்கரின் ஒலிம்பியாடுக் கணக்கிலும் இதே சிக்கல்தான்: 184ஆம் ஒலிம்பியாடு அவ்வாண்டுக் கோடையில்தான் தொடங்கியது, மார்ச் மாதமோ 183ஆவதன் நான்காம் ஆண்டு. ஆண்டுக்கு ஆண்டு நேராகப் பொருத்தும் அட்டவணைகளை நான் முழுதும் நம்பாததற்கு இதுவே காரணம்.

நம் கலி ஆண்டும் இங்கே பின்னாளில் பொருத்தப்பட்ட எண்தான். கலியில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு 23 வயது என்று ஆரியபட்டர் கூறுவது கி.பி. 499ஐக் குறிக்கிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், கி.மு. 44இல் தொடங்கும் ஆண்டு கழிந்த கலி 3058, நடப்புக் கலி 3059. கழிந்ததா, நடப்பதா என்று கேளாமல் கலி எண்ணைப் பயன்படுத்துவோர் ஓர் ஆண்டு தவறுவார்கள். கி.மு. 1க்கும் கி.பி. 1க்கும் இடையே சுழியம் ஆண்டு இல்லை என்பதை மறந்தாலும் அதே பிழைதான். அதனால்தான் வானியலாளர்கள் கி.மு. 1ஐச் சுழியமாகக் கொண்டு, கி.மு. 44ஐ −43 என்று எழுதுகிறார்கள்.