இணையத்தில் தீவிரவாதப் பரப்புரை: வாசகர் கேள்வி பதில்

செந்தூல் வாசகர்: ஐயா, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் குழுக்களின் வலையில் எப்படி விழுகிறார்கள்?

பதில்: கொள்கை பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. முதலில் கண்ணில் படுவது பாட்டு, கேலிப்படம், அநீதிக்கு ஆளானவர்களின் படம். அதன் கீழே கொதித்துப்போய்க் கருத்து எழுதும் இளைஞனிடம் யாரோ ஒருவர் தனிச்செய்தியில் அன்பாகப் பேச்சுக் கொடுக்கிறார். சில வாரங்களில் டெலிகிராமில் ஒரு மூடிய குழுவுக்கு இணைப்பு வருகிறது. ஆள் சேர்ப்பு நடப்பது அங்கேதான். அது எதில் போய் முடியலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2016 ஜூன் 28 அன்று பூச்சோங் மோவிடா கேளிக்கை மையத்தில் கையெறி குண்டு வீசப்பட்டு 8 பேர் காயமடைந்தார்கள். உத்தரவு சிரியாவில் ஐ.எஸ். பயங்கரவாதக் குழுவிலிருந்த மலேசியர் ஒருவரிடமிருந்து வந்ததாகக் காவல்துறை கூறியது.

செராஸ் வாசகி: கொடூரமான காணொலி ஒன்று வந்தது. எச்சரிக்கையாகக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடலாமா?

பதில்: கூடாது, அம்மா. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்தவர்களைச் சுட்டுக் கொன்றவனின் நேரலையை அந்த நேரத்தில் பார்த்தவர்கள் 200க்கும் குறைவு என்று பேஸ்புக் சொன்னது; முதல் 24 மணி நேரத்தில் அது அகற்றிய பிரதிகளோ சுமார் 15 லட்சம். நீக்கப்பட்ட காணொலிக்குக் கைரேகை போன்ற ஓர் எண்முத்திரையை உருவாக்கி நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் ஒருவர் திரையைக் கைப்பேசியால் படம்பிடித்து மறுபடி ஏற்றினால் முத்திரை பொருந்தாமல் போகிறது. அப்படி உருமாறியவை மட்டும் 800க்கும் மேல்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: முகத்தை மங்கலாக்கிவிட்டுப் பகிர்ந்தால்?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

சிகாம்புட் வாசகர்: அப்படியானால் பிரபாகரன் படம் வைத்திருப்பதும் குற்றமா? 2019இல் பிடித்தார்களே!

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். அந்த ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் தொடர்பு என்று 12 பேர் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டத்தின் கீழ் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். ஒரு தலைவரின் படத்தை வைத்திருப்பதால் அது பயங்கரவாதச் செயலின் கூறாகிவிடாது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. ஆனால், பயங்கரவாதக் குழு தொடர்பான பொருளை வைத்திருப்பவருக்கு 7 ஆண்டுவரை சிறை விதிக்கக்கூடிய தண்டனைச் சட்டத்தின் 130ஜேபி பிரிவு இன்னும் இருக்கிறது.

அதே வாசகர்: அஞ்சலியும் பரப்புரையும் ஒன்றா, ஐயா?

பதில்: ஒன்றல்ல. மாண்டவர்களை நினைத்து அழுவது துக்கம். ஆயுதம் ஏந்தவோ பணம் அனுப்பவோ அடுத்தவரைத் தூண்டுவது பரப்புரை. நோக்கத்தை எடைபோட வேண்டிய இடத்தில் அந்தப் பிரிவு பொருளைப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என் குறை. இதையே இன்னும் மூவர் கேட்டிருக்கிறீர்கள். அவர்களுக்கும் இதுவே பதில். சொந்த வழக்கு இருப்பவர்கள் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கெப்போங் வாசகி: எங்கே புகார் செய்வது?

பதில்: செயலியிலேயே முதலில்; பிறகு தொடர்பு பல்லூடக ஆணையத்திடமோ காவல்துறையிடமோ. இணைப்பின் முகவரி, வந்த நேரம், அனுப்பியவரின் எண் ஆகியவற்றைக் குறித்துக் கொடுங்கள். காணொலியை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.