பூனையைத் துரத்தும் கரிச்சான், குஞ்சைத் தூக்கும் வால்காக்கை: தோப்பு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்புக்குள் எங்கள் வீடு. பங்குனி பிறந்ததிலிருந்து நீளவால் பறவை ஒன்றும் இரட்டைவால் கருங்குருவி ஒன்றும் எங்கள் பூனையை வெளியே விடுவதில்லை. நீளவால் பறவை சோற்றுத் தட்டருகே வந்து பூனையின் வாலைக் கொத்துகிறது. செம்பருத்திச் செடியில் இருந்த கொண்டைக்குருவிக் கூட்டிலிருந்து ஒரு குஞ்சையும் தூக்கிப்போய்விட்டது. மகன் இணையத்தில் பார்த்து ‘மேக்பை’ என்கிறான். இரண்டின் கூட்டையும் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். கலைத்தால் உங்கள் தொல்லை கூடத்தான் செய்யும். ஏன் என்பதைச் சொல்லும் முன், பறவை எது என்று தெளிவாகிவிடட்டும்.

மேக்பை நம் சமவெளிப் பறவை அல்ல. நீங்கள் பார்ப்பது வால்காக்கை. கரும்பழுப்புத் தலை, செங்காவி உடம்பு, இறக்கையில் வெளிர்சாம்பல் பட்டை, கறுப்பு நுனியோடு நீண்டு தொங்கும் வால். காகத்துக்கும் ஐரோப்பிய மேக்பைக்கும் உறவுக்காரப் பறவைதான்; புத்தியும் குறும்பும் அப்படியே. ஆஸ்திரேலியாவில் ஆட்களின் தலையில் பாயும் மேக்பை வேறு குடும்பம். தொப்பியின் பின்புறம் கண் வரைந்து மாட்டிக்கொள்ளும் யோசனையெல்லாம் அதற்காகச் சொல்லப்பட்டவை. உங்கள் பூனைக்கு உதவாது. இரட்டைவால் பறவை கரிச்சான்.

உங்கள் பூனைக்கு நடப்பது ஒரே தாக்குதல் அல்ல, இரண்டு. தட்டருகே வாலைக் கொத்துவது திருட்டு. பூனை திரும்பும் நொடியில் கவளத்தைக் கவ்விக்கொண்டு போவதற்கான தந்திரம் அது. காகங்கள் நாயிடமும் இதையே செய்யும். உயரத்திலிருந்து பாய்ந்து தலையிலும் முதுகிலும் அடிப்பது கூட்டுக் காவல். இதைச் செய்வது பெரும்பாலும் கரிச்சான்தான். பூனை எந்த மரத்தடிக்கு வந்ததும் அடி விழுகிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். அந்த மரத்தின் வெளிக்கிளைக் கவட்டில் கிண்ணம் போல ஒரு கூடு இருக்கும்.

திருட்டை நிறுத்துவது எளிது. பூனைக்குச் சோறு வீட்டுக்குள் வையுங்கள். தின்று முடித்த 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். கோழி, மீன் கழித்த மிச்சத்தைத் திறந்த குப்பையில் போடாமல் மண்ணில் புதையுங்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் செம்பருத்திக்கு எதிர்ப்பக்கம், வீட்டின் மறுபுறம் வையுங்கள். சோற்றுக்கு வரும் காகமும் வால்காக்கையும் சுற்றிலும் உள்ள புதர்களைத் துழாவாமல் போவதில்லை.

இனி கரிச்சான். அடைகாப்பது ஏறத்தாழ இரண்டு வாரம், குஞ்சு கூட்டில் இருப்பது இரண்டரை முதல் மூன்று வாரம். ஆக ஐந்து வாரம். குஞ்சு பறக்கப் பழகும் ஓரிரு வாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் அதே பூனை அதே மரத்தடியில் படுத்திருந்தாலும் கண்டுகொள்ளாது. நடுவில் கூட்டைக் கலைத்தால் பக்கத்து மரத்தில் புதிதாகக் கட்டி மறுபடி முட்டையிடும். ஐந்து வாரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. கரிச்சான் பூனையை மட்டுமா துரத்துகிறது? காகம், வல்லூறு, வால்காக்கை எது அந்த மரத்தை நெருங்கினாலும் விடாது. அதனால்தான் கொண்டைக்குருவி, மாங்குயில், புறா போன்றவை கரிச்சான் இருக்கும் மரத்திலோ அதன் அருகிலோ கூடு கட்டுகின்றன. உங்கள் கொண்டைக்குருவிக்கு இருக்கும் ஒரே காவல்காரன் அதுதான். வயலில் பூச்சி பிடிக்க அது வந்து உட்காரட்டும் என்று ‘டி’ வடிவக் குச்சி நட்டு வரவேற்கிறோம்; தோப்பில் அதன் கூட்டைப் பிரிப்பது நியாயமே இல்லை. பெங்களூரா, செந்தூரா மாங்காய் அறுப்புக்கு ஆள் வந்தால் கூடிருக்கும் மரத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தொரட்டியோடு ஏறுபவருக்கும் தலையில் அடி விழும்.

ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது பூனையைத்தான். காலை விடிவதற்கு முன்பிருந்து ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரையும் உள்ளேயே வையுங்கள். குஞ்சு கூட்டை விட்டு இறங்கும் வாரத்தில் பகல் முழுவதும். ஓர் அகலத் தட்டில் மூன்று விரல் உயரத்துக்கு மணல் கொட்டி மூலையில் வைத்தால் கழிவுக்கு வெளியே போகத் துடிக்காது.

பூனையின் வேட்டை வெறியைக் குறைக்கவும் வழி உண்டு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் மிகுந்த தீவனம் தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது; தினம் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் சொல்லும்படியான பயன் தெரியவில்லை. நம் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பால்சோறு. அது பூனையின் உடம்புக்குப் போதாது. கிருஷ்ணகிரி அணை ஜிலேபி மீனை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து தினமும் கொடுங்கள். வெந்த முட்டையும் சேர்க்கலாம். உணவு வைப்பதற்குச் சற்று முன் கயிற்று நுனியில் துணி கட்டி இழுத்து விளையாட விடுங்கள்.

மரம் ஏறுவதைத் தடுக்க, கூடு உள்ள மரத்தின் அடித்தண்டைச் சுற்றி 2 அடி அகலத் தகரம் ஒன்றைக் கட்டுங்கள். கீழ் விளிம்பு தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே கட்டினால் பூனை தாவிக் கடந்துவிடும். ஆணி அடிக்காமல் கம்பியால் கட்டி, பருவம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள்; விட்டுவைத்தால் கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். சுவரையோ பக்கத்து மரத்தையோ தொடும் கிளை இருந்தால் தகரம் வீண். ஆனால் கூடு இருக்கும்போது கிளையை வெட்டாதீர்கள். அறுப்பு முடிந்த பின் கவாத்து செய்யும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு பறிபோனதில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வால்காக்கை பழம், பூச்சி, பல்லி, முட்டை, குஞ்சு என எல்லாவற்றையும் தின்று வாழும் பறவை; அதன் கூட்டிலும் குஞ்சுகள் காத்திருக்கின்றன. கொண்டைக்குருவி ஒரு பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கூடு கட்டும். பிரிட்டனில் மேக்பை பெருகியதால் பாடும் பறவைகள் குறைந்தனவா என்று நீண்டகாலக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்த 1991ஆம் ஆண்டு ஆய்வும் அதற்கு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. உங்களால் ஆகக்கூடியது மறைவைக் கூட்டுவது. செம்பருத்தியை மாசி முதல் ஆடி வரை கத்தரிக்காதீர்கள். வேலியோரம் களாக்காயும் எலுமிச்சையும் மருதாணியும் நெருக்கி நடுங்கள். கூட்டை அடிக்கடி எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். புதரிலிருந்து 7, 8 அடி தள்ளி, உயரமான கல்லின் மேல் வைத்தால் பூனை பதுங்கி வர முடியாது.

பட்டாசு, கவண், செத்த காக்கையைத் தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். செத்த காக்கையைக் கண்டால் மற்ற காகங்கள் இன்னும் கூட்டமாகக் கூடிக் கரையும். காக இனம் தனக்குத் தீங்கு செய்த முகத்தை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு முகமூடி வைத்து நடத்திய சோதனையில் காட்டியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதில் பறவைக் கூட்டையும் முட்டையையும் குலைப்பதையும் சேர்த்திருக்கிறது. வீட்டுக் காகம் முன்பு தீங்குயிரிப் பட்டியலில், அதாவது கொல்லத் தடை இல்லாத உயிர்களின் பட்டியலில் இருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பூனை வீட்டுக்குள் இருக்கும்போதும் தவிட்டுக்குருவி, மைனா, கரிச்சான் எல்லாம் ஒரே புதரைச் சுற்றிக் கத்தினால் உள்ளே பாம்பு இருக்கலாம். கையை விடாதீர்கள், குழந்தைகளையும் விலக்குங்கள்.

கொத்துப்பட்ட பூனையின் காதையும் கண்ணையும் பாருங்கள். கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலிக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைத் துண்டு கூடக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அது விஷம். பூனை பறவையைக் கவ்வி நீங்கள் மீட்டால், காயம் தெரியாவிட்டாலும் சில மணி நேரத்தில் மருந்து தேவை. பூனையின் வாயில் உள்ள கிருமியே கொன்றுவிடும். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, இருட்டாக மூடி எடுத்துச் செல்லுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.