உலகில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய உயிர்காப்புப் படகு எது? அது எப்படி அழியாமல் தப்பியது?

அதன் பெயர் 'செட்லாண்ட்'. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ரெட்கார் ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சவுத் ஷீல்ட்ஸ் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிரேட்ஹெட் கட்டியது. 1802-இல் ரெட்காருக்கு வந்தது. பத்துத் துடுப்புகள், சுமார் 30 அடி நீளம். இரு முனைகளும் ஒரே வடிவம் என்பதால், கொந்தளிக்கும் கடலில் படகைத் திருப்பும் ஆபத்தே இல்லை. துடுப்புக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தால் போதும். மிதப்புக்கு மரத்தோடு தக்கையைச் சேர்த்திருந்தார்கள். என்ன அருமையான யோசனை!

அது காத்த உயிர்கள் 500-க்கும் மேல். பணியில் இழந்த படகோட்டி ஒரே ஒருவர்தான்: 1836 கிறிஸ்துமஸ் நாளில், வில்லியம் கை.

1864-இல் படகு சேதமடைந்தது. அதை உடைத்துவிட முடிவானபோது ரெட்கார் மக்கள் கொதித்தெழுந்து தடுத்தார்கள். படகு ஊருக்கே சொந்தமானது. எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1880-இல் ஒரு புயலில் மற்றப் படகுகள் கைகொடுக்காத நிலையில், 78 வயதான செட்லாண்டையே மீண்டும் கடலில் இறக்கினார்கள். 'லூனா' என்ற கப்பலின் மாலுமிகள் ஏழு பேரையும் அது கரைசேர்த்தது.