டெபியனில் ஏன் பழைய எஸ்க்யூஎல்ஆல்கெமி?

அன்புள்ள ஐயா,

அலுவலக சர்வரில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டிருக்கிறோம். ஓஆர்எம்முக்கு, அதாவது பைத்தான் நிரலிலிருந்து டேட்டாபேஸைக் கையாள, எஸ்க்யூஎல்ஆல்கெமி நூலகம். டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் நிறுவினால் 1.4.46 தான் வருகிறது. 2.0 வெளிவந்தது 2023 ஜனவரியில், டெபியன் 12 வந்ததோ ஜூனில். நாலு மாசத்துக்கு மேல் கையில் இருந்தும் ஏன் சேர்க்கவில்லை? ஒரு பேக்கேஜ் கட்டுவது அவ்வளவு பெரிய வேலையா? இது சோம்பல் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சோம்பல் இல்லை. கட்டுவது பெரிய வேலையும் இல்லை. புது மூலநிரலை இறக்கி, பேக்கேஜை விவரிக்கும் கண்ட்ரோல், ரூல்ஸ் கோப்புகளைச் சரிபார்த்து, பேக்கேஜ் கட்டும் கருவியை ஓட்டினால் பேக்கேஜ் வந்துவிடும். சிக்கலே அதற்கு அப்புறம்தான்.

சி மொழி நூலகம் என்றால் பழைய பதிப்பும் புதியதும் வெவ்வேறு கோப்புப் பெயரில் ஒரே கணினியில் இருக்கலாம். பைத்தானில் அந்த வசதி கிடையாது. டெபியனில் எஸ்க்யூஎல்ஆல்கெமிக்கு இருப்பது ஒரே அடைவு. அங்கே 2.0 வந்தால் எல்லோருக்கும் 1.4 போய்விடும். அந்த எல்லோரில், அதாவது இந்த நூலகத்தை நம்பியிருக்கும் நிரல்களில், அலெம்பிக் இருக்கிறது, ஃப்ளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி இருக்கிறது, கிளவுட் மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கின் நோவா, கீஸ்டோன், நியூட்ரான் எல்லாம் இருக்கின்றன. அத்தனையும் புதியதோடு ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓடாதவற்றுக்குத் திருத்தம் எழுத வேண்டும், இல்லையென்றால் அவற்றின் ஆசிரியர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டும்.

2.0 சின்ன மாற்றமும் இல்லை. டேட்டாபேஸ் இணைப்பைத் தரும் இன்ஜினிலேயே நேரடியாக எக்ஸிக்யூட் செய்யும் வழி போய்விட்டது. செலக்டுக்குள் பட்டியலாகக் கொடுத்த பழைய எழுத்துமுறையும் போய்விட்டது. இவை பிழைச்செய்தி தந்து நின்றுவிடும், கண்டுபிடிப்பது சுலபம். எனக்குப் பயமே இன்னொன்றில்தான். 1.4-இல் ஒரு கனெக்‌ஷனில் இன்சர்ட் செய்தால் தானாகவே கமிட் ஆகும், அதாவது டேபிளில் நிரந்தரமாகப் பதிவாகும். 2.0-இல் நாமே கமிட் சொல்லாவிட்டால், கனெக்‌ஷன் மூடும்போது அது ரோல்பேக் ஆகிவிடும், அதாவது ரத்தாகிவிடும். பிழை எதுவும் வராது, வரிசை மட்டும் டேபிளில் இருக்காது. ஆப்ட் அப்கிரேட் செய்த ஒருவரின் சர்வரில் இப்படி நடந்தால், அதற்குப் பேக்கேஜ் கட்டியவரும் பொறுப்பு.

இப்போது தேதிகளைப் பாருங்கள். டெபியன் 12-க்கான முதல் ஃப்ரீஸ், அதாவது வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்தும் கட்டம், தொடங்கியது 2023 ஜனவரி 12. இந்த மாதிரி பெரிய மாற்றங்களுக்கு அன்றோடு கதவு மூடிவிட்டது. 2.0 வந்தது ஜனவரி 26. நீங்கள் சொல்லும் நாலு மாசம், இருப்பதை நிலைப்படுத்துவதற்காக ஒதுக்கிய காலம். 1.4-இலேயே நின்றது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 2.0 இருக்கிறது.

உங்களுக்கு 2.0 இப்போதே வேண்டுமென்றால் வெனவ் (பைத்தானின் தனிச் சூழல்) ஒன்றை உருவாக்கி, அதற்குள் பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மூலம் போட்டுக்கொள்ளுங்கள். டெபியன் 12-இல் வெனவுக்கு வெளியே பிப் ஓட்டினால் மறுக்கும். அந்தத் தடையை மீறி ரூட்டாக நிறுவாதீர்கள். அப்படிப் போட்டது யூஎஸ்ஆர் லோக்கல் அடைவுக்குள் போய் உட்காரும், பைத்தான் அதைத்தான் முதலில் தேடி எடுக்கும். ஆப்ட் வழியாக வந்த மற்ற நிரல்களும் தெரியாமலே 2.0-இல் ஓட ஆரம்பிக்கும்.

இன்னொன்று, 1.4-இலேயே 2.0-க்கான எச்சரிக்கைகளை இயக்கும் சூழல் மாறி (என்விரான்மென்ட் வேரியபிள்) ஒன்று உண்டு. டெபியன் 13-க்கு மாறுவதற்கு முன் அதை வைத்து உங்கள் டெஸ்ட்களை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். தானியங்கி கமிட்டை நம்பியிருக்கும் இடங்களையும் அது காட்டிக்கொடுக்கும்.