ஜிப்சம் சுவர் விரிசல் விட்டால் கான்ட்ராக்டரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் சொந்த வீடு. மாடி ஹாலை ஜிப்சம் போர்டு வைத்து இரண்டாகத் தடுத்து ஃபால்ஸ் சீலிங்கும் போட்டோம். ஒரு அறையில் நான் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். 1,85,000 ரூபாய் பேசி, 1,60,000 ஜிபேயில் கொடுத்தாச்சு. அக்ரிமென்ட் கிடையாது, எல்லாம் வாட்ஸ்ஆப் பேச்சுதான். ஐந்தே மாதத்தில் ஜாயின்ட் எல்லாம் கோடு கோடாக விரிந்துவிட்டது, பாத்ரூம் பக்கம் சுவரின் அடிப்பகுதி ஊதி உதிர்கிறது. கேட்டால் "கடல் காத்துக்கு அப்படித்தான் ஆகும்" என்கிறார், பாக்கி 25,000 வந்தால்தான் வந்து பார்ப்பாராம். வேறொரு ஆள் மொத்தத்தையும் பிரித்துப் போடணும் என்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் இருக்கட்டும், முதலில் அந்தச் சுவரைப் பிரிக்காதீர்கள். எழுத்தில் அக்ரிமென்ட் இல்லாத உங்களுக்கு அந்தச் சுவர்தான் பெரிய சாட்சி. அதைக் குப்பை லாரியில் ஏற்றிவிட்டு நுகர்வோர் ஆணையத்தில் போய் நின்றால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

கடல் காற்று சமாதானத்தைப் பார்ப்போம். உப்புக் காற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், உண்மைதான். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கிரில் கேட் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். போர்டைத் தாங்கும் சட்டத்துக்குத் துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ சேனல் போடுவதே அதற்காகத்தான். ஆனால் போர்டும் போர்டும் சேரும் இடத்தில் மட்டும் ஸ்கேல் வைத்த மாதிரி விரிசல் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் ஜாயின்ட்டில் டேப் ஒட்டி அதற்கான காம்பவுண்ட் பூசாமல் சாதாரண வால் பட்டியை இழுத்துவிட்டிருப்பார்கள், இல்லையென்றால் உள்ளே செங்குத்தாக நிற்கும் இரும்புச் சட்டங்களை, அதாவது ஸ்டட்களை, தள்ளித் தள்ளி நட்டிருப்பார்கள். பார்ட்டிஷனில் 12.5 மி.மீ. போர்டுக்கு ஸ்டட் இடைவெளி வழக்கமாக 2 அடி, அதைத் தாண்டினால் சுவர் ஆடும், ஆடினால் ஜாயின்ட் பிளக்கும்.

அடிப்பகுதி ஊதியது தனி விஷயம், அதில்தான் உங்களுக்கும் சிக்கல் இருக்கிறது. ஈரம் வரும் இடத்தில் பச்சை நிற ஈரம் தாங்கும் போர்டு போட வேண்டும், போர்டின் அடியைத் தரையில் உட்கார வைக்காமல் சுமார் 10 மி.மீ. தூக்கி நிறுத்த வேண்டும். வெள்ளை போர்டை டைல்ஸ் மேலேயே நிறுத்தியிருந்தால் தப்பு அவர் மேல். ஆனால் உங்கள் பாத்ரூம் பைப்பே கசிந்துகொண்டிருந்தால் அவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அதனால் முதலில் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் கசிவு உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். சீலிங்கில் கறை இருந்தால் மொட்டை மாடியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அமெரிக்காவில் இந்த வேலையின் ஃபினிஷிங்கை லெவல் 0 முதல் 5 வரை பிரித்து வைத்திருக்கிறார்கள், எந்த லெவல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். நம் ஊரில் "சூப்பரா பண்ணித் தரேம்மா" என்பதுதான் லெவல். அதனால் 'லைட் போட்டால் சுவரில் மேடு பள்ளம் தெரிகிறது' என்பதை வழக்கில் பெரிதாக்காதீர்கள், அது நிற்பது கஷ்டம். விரிசலையும் உதிர்வதையும் பிடியுங்கள்.

இனி சட்டம். வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான், 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் இதற்கு எழுத்து கேட்கவில்லை. வாட்ஸ்ஆப் உரையாடலைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதனால் அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் போக வேண்டியது சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை கிளம்பியதிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். "தையல் கடை நடத்துகிறார், இது வியாபாரம், இவர் நுகர்வோரே இல்லை" என்று அவர்கள் தரப்பில் நிச்சயம் ஒரு கல்லை எறிவார்கள். சொந்த உழைப்பில் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் தொழிலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. பத்துப் பேரை சம்பளத்துக்கு வைத்துத் தைக்கிறீர்கள் என்றால் கதை வேறு, அதை நீங்கள் எழுதவில்லை.

அதற்கு முன் நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் அனுப்பிவிடுங்கள், பதிவுத் தபாலிலும் வாட்ஸ்ஆப்பிலும். என்னென்ன குறை, 15 நாளுக்குள் வந்து சரிசெய்ய வேண்டும், வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவை உங்களிடம் கேட்பேன், பாக்கி 25,000ஐ அதுவரை நிறுத்தி வைக்கிறேன் என்று நாலு வரி போதும். கடைசி வரி முக்கியம். காரணத்தை எழுத்தில் சொல்லி நிறுத்துவது வேறு, போனை எடுக்காமல் நிறுத்துவது வேறு.

15 நாளில் ஆள் வரவில்லையென்றால் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, அவர் முன்னால் ஒரு ஜாயின்ட்டைச் சுரண்டி டேப் இருக்கிறதா, ஸ்டட் எத்தனை அடிக்கு ஒன்று, போர்டு என்ன வகை என்று பார்த்து போட்டோவோடு அறிக்கை வாங்குங்கள். வழக்குப் போட்ட பிறகு, சுவரை நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் நியமிக்கும் கமிஷனரை அனுப்பச் சொல்லியும் மனு போடலாம், ஆணையம் நேரில் பார்க்க வைத்த அறிக்கைக்கு எடை அதிகம், ஆனால் அதுவரை அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்த வேண்டும். அறிக்கை கைக்கு வந்த பிறகு பிரித்துப் போடலாம். ஒரு துண்டு போர்டை மட்டும் எடுத்து வையுங்கள். ரொம்ப நாள் அப்படியே விட்டு வைக்கவும் கூடாது, நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு பார்க்கும்.

முழு 1,60,000மும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீலிங் நன்றாக இருந்தால் அதற்கான பங்கைக் கழிப்பார்கள். சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு, இவை நியாயமான கோரிக்கைகள்.

போலீஸ் புகாரா? மோசடி என்று சொல்ல, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். வேலையை மோசமாகச் செய்தது மட்டும் அதில் வராது, ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள், இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரியும்கூட. பச்சை போர்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு, போலி பில் காட்டி வெள்ளையை மாட்டியிருந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு மாதிரி யோசிக்கலாம். வக்கீல் வைக்கக் கையில் காசில்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100க்கு போன் செய்யுங்கள், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.