நெஞ்சிறைச்சிக்கு ஊசி வேண்டாம், ஒரு இரவு உப்பு போதும்

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “கத்தாரில் வேலை செய்யும் நானா விடுமுறையில் வந்திருக்கிறார். பெரல் ஒன்றை வெட்டிப் புகையடுப்பு செய்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் பங்கில் வரும் நெஞ்சிறைச்சியைப் பிரிஸ்கட் (அமெரிக்கப் பாணியில் புகையில் மெதுவாக வேகவைப்பது) செய்யப்போகிறாராம். இறைச்சிக்குள் ஏற்றும் ஊசியும், கலக்க ஒரு வெள்ளைத் தூள் பக்கெட்டும் இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறார். ஊசி போடாவிட்டால் சக்கையாகிவிடும் என்கிறார். உம்மாவுக்குப் பயம். துண்டு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். போடலாமா?”

வேண்டாம் சகோதரி. உம்மா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்பாதி உடம்பின் பாரத்தை நெஞ்சுத் தசைதான் தாங்குகிறது. அதனால் அதில் சவ்வு அதிகம், வேகமாகச் சமைத்தால் செருப்புத்தோல்தான். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் கட்டியாகிறதே, அந்தக் கட்டியைத் தருவதும் இந்தச் சவ்வுதான். 70 பாகை செல்சியஸுக்கு மேல் மணிக்கணக்கில் இருந்தால் மெதுவாகக் கரைந்து ஜெலட்டின் ஆகும். வாயில் ஈரமாகத் தெரிவது அதுவும் உருகிய கொழுப்பும்தான். ஊசியால் ஏற்றிய தண்ணீர் அல்ல. தசை சூட்டில் சுருங்கும்போது முதலில் வெளியே வருவதே அந்தத் தண்ணீர்தான்.

அமெரிக்காவில் ஊசியை விரும்பிப் பிடித்தவர்கள் போட்டிச் சமையற்காரர்கள். நடுவர் ஒரு துண்டைக் கடித்துப் புள்ளி போடுவார், அந்த ஒரு கடிக்காக அத்தனை பாடு. டெக்சாஸில் பழைய கடைக்காரர்கள் உப்பும் மிளகும் தடவி விறகில் வைப்பதோடு சரி. உங்கள் வீட்டில் நடுவர் உம்மாதானே?

இனி அந்தத் தூள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ‘பிரிஸ்கட் பவுடர்’ என்று முகநூலில் விற்பவர்களில் பலர் மூட்டையில் வாங்கி, சின்னப் பைகளில் பிரித்து, மெழுகுதிரியில் ஒட்டி விற்கிறவர்கள். உள்ளே என்ன என்று எந்த மொழியிலும் எழுதியிருக்காது. பொஸ்பேட்டாக இருக்கலாம். அது தண்ணீரைப் பிடித்துவைக்கும், உண்மை. கூடிப்போனால் சவர்க்காரம் போல ஒரு சுவை, ரப்பர் போல ஒரு கடி. அஜினோமோட்டோவாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் இறைச்சியைக் கெடாமல் பதப்படுத்தும் உப்பாக இருந்தால்? அதில் வழக்கமாக 6.25 வீதம் சோடியம் நைத்திரைற்று இருக்கும். கிலோவுக்கு இரண்டரைக் கிராம் போட வேண்டியதைக் கரண்டிக் கணக்கில் கரைத்து ஏற்றினால், சாப்பிடுகிறவரின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்காது. உதடு நீலமாகும். சின்னப் பிள்ளைகளுக்கு உயிராபத்து. சமையல் உப்போடு குழம்பக்கூடாது என்றுதான் அதற்கு இளஞ்சிவப்புச் சாயம் போடுகிறார்கள். நம் அதிர்ஷ்டம், இமாலய உப்பும் அதே நிறத்தில் கடைக்கு வந்துவிட்டது. நான் ஹோட்டல் சமையலறையில் இருந்த காலத்தில் பதப்படுத்தும் உப்பை ஒரு பையன் மேசை உப்புக் குப்பியில் நிரப்பிவிட்டான். நல்ல காலம், பரிமாறுவதற்கு முன் கண்ணில் பட்டது. சாயம் போடாமல் வெள்ளையாகவும் அது வருகிறது. ஆகவே நானாவின் பக்கெட்டைக் குப்பையில் போடுங்கள். காசு போனது போகட்டும்.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. லேபல் இல்லாத தூளுக்கு அதைக் காட்டி ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நான் முறையிட்டேன். “கடை இருந்தால் போய்ப் பார்க்கலாம், போன் நம்பரை எப்படிப் பார்ப்பது?” என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

உம்மாவின் பயத்துக்கு வருகிறேன். முழுத் துண்டு இறைச்சியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், உள்ளே சுத்தம். ஊசி குத்தும்போது மேலே இருந்ததை உள்ளே தள்ளிவிடுகிறோம். கடைசியில் 90 பாகைக்கு மேல் வேகிறதே, செத்துவிடாதா என்பீர்கள். கிருமி சாகும். ஆனால் அதற்குள் சில கிருமிகள் கக்கிவிட்ட நஞ்சு அந்தச் சூட்டுக்கு அழியாது. அதனால் ஊசி போட்ட துண்டின் நடுப்பகுதி 4 பாகையிலிருந்து 60 பாகையை நான்கு மணித்தியாலத்துக்குள் தாண்டவேண்டும். கச்சான் காற்றில், புகைதான் முக்கியம் என்று பெரலை 80 பாகையில் புகைய விட்டுக்கொண்டிருந்தால் தாண்டுமா என்பது சந்தேகம்தான்.

ஒரேயொரு இடத்தில் ஊசிக்கு நான் சம்மதிப்பேன். நெஞ்சிறைச்சியில் இரண்டு தசை உண்டு. ஒன்று கொழுப்புள்ள தடித்த முனை, மற்றது மெல்லிய, கொழுப்பில்லாத தட்டைப் பகுதி. நம்மூர் மாடு தானியம் தின்று கொழுத்த மாடல்ல. புல்லில் மேய்ந்தது, பல வேளைகளில் வயது போனது. உங்கள் பங்கில் தட்டைப் பகுதி மட்டும் வந்து, கடைக்காரர் மேல் கொழுப்பையும் வழித்து எடுத்திருந்தால் உருகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அப்போது மட்டும், அதுவும் தூள் இல்லாமல், அதே மாட்டின் எலும்பை அவித்து வடித்த சாறு. 2 கிலோவுக்கு 200 மில்லிலீற்றர் போதும். துணியில் இரண்டு தரம் வடியுங்கள், இல்லாவிட்டால் ஊசி அடைக்கும். பிரிட்ஜில் வைத்து மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிடுங்கள். சாறு கெட்டியானால் கொஞ்சமாய் எடுத்து உருக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிர்த்தி உடனே ஏற்றுங்கள். உப்புக் கணக்கு முக்கியம். மொத்தம் 30 கிராம். அதில் 10 கிராம் சாற்றில், மீதி 20 கிராம் வெளியே. இரண்டிலும் முழு அளவு போட்டுவிட்டு ‘உப்புக் கரிக்கிறது’ என்று எனக்கு எழுதாதீர்கள். நார் ஓடும் திசையில், மூன்று சென்ரிமீற்றருக்கு ஒரு குத்து. ஊசியை வெளியே இழுத்தபடி மெதுவாக அழுத்துங்கள். ஏற்றியதும் நேரே அடுப்புக்குப் போகவேண்டும், மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கு அடுப்பு 120 பாகைக்குக் கீழே போகாமல் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். ஊசியைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள், உள் துவாரத்தையும் சேர்த்து.

மற்ற எல்லோருக்கும் உப்புதான். அதே 30 கிராம், மட்டமாக ஐந்து தேக்கரண்டி. முதல்நாள் இரவே தடவி, மூடாமல் பிரிட்ஜில் வையுங்கள். உப்பு தானாக உள்ளே போகும். மிளகும் உள்ளியும் போகாது, ஊசி போடுகிறவர்களுக்கும் அவை ஊசித் தடத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவுவதில்லை.

நானா நினைக்காத ஒன்று, அறுத்த சூடு. குர்பான் இறைச்சி வீட்டுக்கு வரும்போது இளஞ்சூடாக இருக்கும். அதை அப்படியே டீப் பிரீசரில் திணித்தால், அறுத்த பின் தசையில் வரும் விறைப்பு வருவதற்கு முன் உறைந்து, பிறகு உருகும்போது இறுகிச் சுருங்கிவிடும். ‘மாடு கிழம்’ என்று மாட்டைத் திட்டுவோம். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், தட்டில் பரப்பி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். இந்த இரண்டு நாள் செய்யும் வேலையை எந்த ஊசியும் செய்யாது.

மற்ற நாட்களில் இந்தக் குளிர்விப்பை உண்மையில் இறைச்சிக்கடை செய்யவேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி (டெண்டர்) கோரி, அதிகம் கேட்டவருக்கு இறைச்சிக்கடையைக் கொடுக்கிறார்கள். அவர் கட்டிய காசை எடுப்பாரா, குளிரறை கட்டுவாரா? காலையில் கொளுக்கியில் தொங்குவது மதியத்துக்குள் விற்றுத் தீர வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. எடை கூட்டத் தண்ணீர் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். தட்டில் ஈரம் ஓடினால் வாங்காதீர்கள்.

சமைக்கும் நாளில் காய்ந்த கொய்யா, மா, புளி விறகு எதுவும் சரி. மரக்காலையில் கிடைக்கும் பெயின்ற் பூசிய கழிவும் பிளைவூட்டும் வேண்டாம். பெரலில் முன்பு என்ன இருந்தது என்று நானாவிடம் கட்டாயம் கேளுங்கள். இறைச்சி 68, 70 பாகைக்கு வந்ததும் அங்கேயே மணிக்கணக்கில் நிற்கும். ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதுதான் காரணம், அடுப்பில் பிழை இல்லை. அந்த நேரத்தில் வாழையிலையில் சுற்றி, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி மறுபடி வையுங்கள். 93 பாகையளவில் குத்திப் பாருங்கள். அவித்த மரவள்ளிக் கிழங்கில் இறங்குவது போல இறங்கினால் எடுக்கலாம். இரண்டு கிலோவுக்கு ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் பிடிக்கும். சுற்றியபடியே ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் சுபஹுக்கு முன்பே நெருப்பு மூட்டவேண்டும் என்பதை நானாவிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.